விளக்கும் கடிதமும்

மெல்பேர்ண் மாநகரின் மேற்கே ட்ருகனினாவில் எம்மவர் பலர் புதுமனை புகுந்து வாழ்கின்றனர். அவ்வீடுகள் சிலவற்றின் வரவேற்பறையில் இப்போது வண்ணக் கண்ணாடித் துண்டுகளை இணைத்துச் செய்த மேசை விளக்கொன்று இடம்பிடித்திருக்கின்றது. பழைய பொருட் கடைகளில் 'டிஃபனி விளக்கு' என்ற பெயரில் இது கிடைக்கின்றது. முதலீடு என்றெண்ணி வாங்குவோரும் உளர்.

முதலீட்டுக் கதையை விரைவில் முடித்துவிடலாம். 1997இல் நியூயோர்க் ஏலமொன்றில் தாமரை வடிவ டிஃபனி விளக்கு 28 இலட்சம் டொலருக்கு விலைபோனது உண்மையே. ஆனால், கடைகளில் நாம் காண்பவற்றுட் பெரும்பாலானவை அந்தப் பாணியிற் பிற்காலத்திற் செய்யப்பட்ட பிரதிகள். முத்திரையை நம்புவதற்கும் இல்லை. முத்திரையிலும் போலி உண்டு. அழகுக்காக வாங்குவோர் வாங்கட்டும், கடன்பட்டு வாங்க வேண்டாம்.

எமது அக்கறை வேறொன்று. அமெரிக்காவில் இவ்விளக்குகளைச் செய்த டிஃபனி நிறுவனம் 1932இல் முறிவடைந்தது. நாகரிகம் மாறிவிட்டதால் அவற்றைச் சீந்துவாரில்லை. 1935இல், ஒஸ்திரியாவிலிருந்து வந்து குடியேறிய பல் வைத்தியர் ஈகொன் நொய்ஸ்டாட்டும் அவர்தம் மனைவி ஹில்டெகார்டும் நியூயோர்க்கின் பழைய கடையொன்றில் 12.50 டொலருக்கு ஒரு விளக்கை வாங்கினர். உள்ளூரார் கழித்துவிட்டதை வந்துசேர்ந்தவர்கள் பொறுக்கி எடுத்தனர்! அவ்வாறு சேர்ந்தவற்றுள் 132 விளக்குகள் 1980களில் நியூயோர்க் வரலாற்றுச் சங்கத்துக்கு வழங்கப்பட்டன.

விளக்குகள் பிழைத்தன. ஆனால் அவற்றை வரைந்த கை யாருடையதென்று உலகுக்குத் தெரியவில்லை. புகழ் முழுவதும் முதலாளியான லூயி கம்ஃபர்ட் டிஃபனிக்கே சென்றது. 2000களின் நடுப்பகுதியில் கிளாரா டிரிஸ்கோல் என்ற பெண்ணின் கடிதங்கள் ஆய்வாளரின் கண்ணிற் பட்ட பின்னரே நிலைமை மாறியது. ஒஹாயோவிலிருந்து நியூயோர்க் சென்று, அந்நிறுவனத்தின் மகளிர் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் அவர். மணமான பெண்களுக்கு அங்கே வேலை இல்லை என்பது அந்நாளைய விதி. தாய்க்கும் சகோதரிகளுக்கும் அவர் எழுதிய கடிதங்களில் அன்றாட வேலை விபரம் அத்தனையும் இருந்தது. தும்பி விளக்கும், ஏறக்குறைய 2000 கண்ணாடித் துண்டுகளாலான விஸ்டீரியா மலர் விளக்கும் அவருடைய கற்பனை என்பது அதனால் வெளிப்பட்டது. 2007இல் அதே வரலாற்றுச் சங்கம் அவர் பெயரால் கண்காட்சி நடத்தியது.

அக்கடிதங்களை எழுதியவர் வரலாறு எழுதுவதாக நினைத்திருக்கமாட்டார். வீட்டாரும் அவற்றைப் பிள்ளையின் கடிதமென்றே வைத்திருந்திருப்பர்.

எம்மவர் வீடுகளிலோ விளக்குகள் அதிகமில்லை. குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடிய ஓட்டமா அது? ஆனால் கடிதங்கள் உண்டு. நீலநிற ஏரோகிராம்கள், செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாக வந்த நாலு வரிச் செய்திகள், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின் தென்மராட்சியிலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த, முகவரி மாறிய கடிதங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தைப் பறிகொடுத்த மக்களுக்கு இவை வெறுங் காகிதங்கள் அல்ல. அவையோ சப்பாத்துப் பெட்டிகளிற் கிடக்கின்றன; வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறும்போது முதலிற் கழிபடுவதும் அந்தப் பெட்டியே.

இவற்றை உடனே எவரிடமேனும் கையளியுங்கள் என்று நாம் கூறவில்லை. அகதி வழக்கு முடியாதோரும், ஊரில் உறவினர் உள்ளோரும் கடிதத்திலுள்ள பெயர்களைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும். வீட்டிலேயே இருக்கட்டும். பின்னாளில் விருப்பமிருப்பின், ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திப் பாதுகாத்துவரும் 'நூலகம்' போன்ற அமைப்புகள் உள்ளன.

இப்போதைக்கு வேண்டியது ஒரு பென்சில் மட்டுமே. எழுதியவர் யார், எந்த ஊர், யாருக்கு என்ன முறை என்பதைத் தனித்தாளில் எழுதிக் கடிதத்துடன் வையுங்கள். கையெழுத்தைப் பார்த்தவுடன் ஆளைச் சொல்லக்கூடிய அம்மம்மாக்கள் இன்னும் எம்மோடு இருக்கின்றனர்.