நூறு சுற்று... சரி, எந்தக் குழாயில்?

பேட்டரி வேண்டாம், கரண்ட் வேண்டாம், ரேடியோ பாடும்! கிறிஸ்டல் ரேடியோ பற்றி எழுதுகிற எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். தப்பில்லை, உண்மைதான். ஏரியல், எர்த், காயில், கேங் கண்டென்சர், ஜெர்மானியம் டையோடு, கிறிஸ்டல் இயர்போன். அவ்வளவுதான் சாமான்.

வில்லங்கம் அடுத்த வரியில் வருகிறது. "ஒரு குழாயில் செம்புக் கம்பியை 100 சுற்று சுற்றவும்."

எந்தக் குழாய்? எத்தனை சென்டிமீட்டர் விட்டம்? கம்பி எத்தனை கேஜ்? கண்டென்சர் எவ்வளவு? ஒன்றுக்கும் பதில் கிடையாது. வட்டி விகிதம் சொல்லாமல் "ஐந்து வருஷக் கடன்" என்று மட்டும் சொல்லி, மாதத் தவணையைக் கணக்குப் போடு என்பது போல இருக்கிறது.

சும்மா குறை சொல்லவில்லை, கணக்கே போட்டுப் பார்க்கலாம். வீலர் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1928-ல் ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார். குழாயின் ஆரத்தை சென்டிமீட்டரில் எடுத்து வர்க்கம் செய்யுங்கள். சுற்று எண்ணிக்கையையும் வர்க்கம் செய்து இரண்டையும் பெருக்கி, அதை 0.394-ஆல் பெருக்குங்கள். இப்போது ஆரத்தின் 9 மடங்கையும், சுற்றியிருக்கும் நீளத்தின் 10 மடங்கையும் கூட்டி, அந்தத் தொகையால் வகுங்கள். விடை மைக்ரோ ஹென்றியில் வரும். இவ்வளவுதான்!

24 கேஜ் எனாமல் கம்பியை நெருக்கிச் சுற்றினால் 100 சுற்றுக்கு சுமார் 6 செ.மீ. நீளம் வரும். 2.5 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாயில் சுற்றினால் 86 மைக்ரோ ஹென்றி. 4 செ.மீ. அட்டைக் குழாயில் 202. 7.5 செ.மீ. டப்பாவில் 591. அதே 100 சுற்று, அதே கம்பி. விடையில் கிட்டத்தட்ட ஏழு மடங்கு வித்தியாசம்!

நம் நாட்டில் மீடியம் வேவ் 531-லிருந்து 1602 கிலோஹெர்ட்ஸ் வரை. 365 பிக்கோ ஃபாரட் கேங் கண்டென்சரோடு அடிமட்டம் வரை இறங்க சுமார் 246 மைக்ரோ ஹென்றி வேண்டும். பிவிசி குழாயில் சுற்றியவருக்கு 900 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் வராது. சென்னை ஏ நெடுங்காலம் ஒலித்த 720 கிலோஹெர்ட்ஸ் அவருக்கு இல்லவே இல்லை. பெரிய டப்பாக்காரருக்கோ மேல் பாதி நிலையங்கள் போச்சு. அவருக்குத் தேவைப்பட்டது 55 சுற்றுதான். மீதி 10 மீட்டர் கம்பி தண்டச் செலவு.

அந்தக் காலத்தில் அப்படித்தானே செய்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை! 1922-ல் அமெரிக்க அரசின் தர நிர்ணய அலுவலகம், வீட்டிலேயே ரேடியோ செய்ய ஒரு சுற்றறிக்கை போட்டது. அதன் எண் 120. அதில் குழாயின் விட்டம் சுமார் 4 அங்குலம் என்று எழுதியிருந்தது. காயிலில் எங்கெங்கே டேப் எடுக்க வேண்டும் என்றும் இருந்தது. வேறு பழைய செட்டுகளில் காயிலின் மேல் நகரும் ஸ்லைடர் இருக்கும். அதிகமாகச் சுற்றிவிட்டாலும் பரவாயில்லை, ஸ்லைடரைத் தள்ளி வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இன்றைய செய்முறைக்காரர்கள் ஸ்லைடரையும் டேப்பையும் தூக்கி எறிந்துவிட்டு, எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

டேப் எடுப்பதும் அலங்காரத்துக்கு அல்ல. 20, 30 மீட்டர் ஏரியல் தன்னோடு 200 பிக்கோ ஃபாரட் வரை கொண்டுவந்துவிடும். அதை நேராகக் காயிலின் தலையில் கட்டினால், கண்டென்சரை முழுக்கத் திறந்தாலும் சுமார் 700 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஏறாது. அதே ஏரியலை 55 சுற்றில், எர்த் பக்கமிருந்து 15-வது சுற்றில் கட்டினால், அந்த 200 ஏறக்குறைய 15 ஆகச் சுருங்கிவிடும். ஒரு முடிச்சு போடும் வேலை. அதைச் சொல்ல இவர்களுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

"சின்னப் பசங்க விளையாட்டு. கணக்கைக் காட்டினால் பயந்து ஓடிவிடுவார்கள்" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். பெருக்கல், வகுத்தல், வர்க்கம்... எட்டாம் வகுப்புப் பாடம் இது. பையன் இதற்கெல்லாம் ஓட மாட்டான். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கம்பி சுற்றி, எனாமலைச் சுரண்டி, மொட்டைமாடியில் ஏரியல் கட்டி, கடைசியில் காதில் ஒன்றும் கேட்காதபோதுதான் ஓடுவான். செய்முறை சரி, நமக்குத்தான் சயின்ஸ் வரவில்லை என்று முடிவு கட்டிவிடுவான். அவன் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. யாரோ எழுதாமல் விட்ட ஒரு விட்டத்துக்கு அவன் பழி சுமக்கிறான். ப்ளஸ் டூவில் அதே ஒத்ததிர்வுச் சூத்திரத்தை ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் செய்வான், அது தன் பழைய காயில்தான் என்று தெரியாமலே.

முன்பாவது பரவாயில்லை. மீடியம் வேவ் முழுக்க நிலையங்கள் இருந்தன. குத்துமதிப்பாகச் சுற்றிய காயிலிலும் ஏதோ ஒன்று மாட்டும். இப்போது ஆகாசவாணியின் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் பலவற்றை மூடியாயிற்று. பக்கத்தில் ஒன்றோ இரண்டோதான் மிச்சம். காயில் தவறினால் கேட்பது மௌனம் மட்டுமே. முதலில் ஒரு சாதாரண ரேடியோவைத் திருப்பி, என்ன வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, அதற்குத் தகுந்த காயிலைச் சுற்றச் சொல்ல வேண்டிய காலம் இது.

ஆகவே செய்முறை எழுதும் அண்ணன்மார்களே, அக்காமார்களே! குழாயின் விட்டம், கம்பியின் கேஜ், கண்டென்சரின் அளவு, ஏரியல் கட்டும் இடம். இந்த நாலையும் எழுதுங்கள். முடியாதென்றால் "நூறு சுற்று" என்றும் எழுதாதீர்கள். படிப்பவர்களே, யாராவது சுற்று எண்ணிக்கையை மட்டும் சொன்னால், கம்பி வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். முதலில் "எந்தக் குழாயில்?" என்று கேளுங்கள்.