பசங்க சட்டையைப் பார்த்து முகம் சுளிக்காதீங்க

தைப்பூசம் நெருங்கினாலே பத்துமலையில் பசங்க போடுற சட்டையைப் பற்றி சண்டை ஆரம்பிச்சிடுது. ஒரே நிறத்தில் டி-சட்டை, முதுகில் குழுவோட பேரு, வேலோ சிங்கமோ ஒரு படம், சில சமயம் ஓர் எண்.

எண் விஷயத்தில் தொண்டர்கள் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். 04, 08, 36 என்றால் என்னவென்று பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை நம்ம எல்லாருக்கும் தெரியும். 2013-இல் உள்துறை அமைச்சு சட்டவிரோதம் என்று அறிவித்த 49 கும்பல்களில் அவையும் உண்டு. சாமி முன்னால் அது வேண்டாம்.

ஆனா மற்ற சட்டைக்கும் ஏன் முகம் சுளிக்கிறோம்? நைக்கி போட்டா ஆடம்பரம். பாசார் மாலாமில் வாங்கின போலி நைக்கி போட்டா கிண்டல். மாமாக் கடையில் மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்சியோட விடிய விடிய உட்கார்றது நம்ம பெரியவங்கதானே?

எங்களில் பாதிப் பேர் தொழிற்சாலை ஆளுங்க. கம்பெனி லோகோ தைச்ச சட்டை கிடைச்ச அன்னைக்குப் பையன் நிமிர்ந்து நடக்கிறான். ஏஜெண்ட் மூலமா வந்தவனுக்கு அது கிடையாது. அதே மெஷின், அதே ஷிப்ட், ஆனா கேண்டீனில் தனியாத்தான் உட்கார்றான்.

"நீ நம்ம ஆளு" என்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்காத பையனுக்குக் கும்பல் அதைச் சொல்லுது, சட்டையும் கொடுக்குது. நாமோ வாசலில் நின்று கழற்றச் சொல்றோம், மாத்திக்க ஒண்ணும் கொடுக்கிறதில்லை.

கோயில் நிர்வாகங்கள் இந்த வருஷம் தொண்டர் சட்டையை அதிகமா அச்சடிக்கட்டும். கழற்றச் சொன்ன பையனுக்கு அதைப் போட்டுவிட்டு, மோர் வாளியையும் கையில் கொடுங்க. எக்ஸ்எல் அளவு கூடுதலா வேணும், போன முறை பத்தவே இல்லை.