கேமரா வேண்டாம், கெட்டில் போதும்

வயதான பெற்றோர் தனியாக வசிக்கும் வீட்டுக்கு எதாவது கம்ப்யூட்டர் வசதி செய்ய வேண்டும் என்றால், பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது இன்டர்நெட் கேமராதான். எங்கிருந்தாலும் மொபைலில் பார்த்துக் கொள்ளலாமே! ஆனால் பார்க்கப்படுபவருக்கு எப்படி இருக்கும்? சொந்த வீட்டில் துண்டை உதறிப் போடக்கூடக் கூச்சப்பட வேண்டியதுதான்.

ஜப்பானின் ஜோஜிருஷி நிறுவனம் 2001லேயே நல்ல வழி ஒன்றைக் காட்டியது. ஐ-பாட் (பாட்டு கேட்கும் ஐபாட் அல்ல!) என்ற அதன் எலக்ட்ரிக் கெட்டிலில் பாட்டி வெந்நீர் பிடித்தால், அந்தத் தகவல் பிள்ளைக்கு இ-மெயிலில் போய்விடும். டீ போட்டிருக்கிறார் என்றால் நலம் என்று அர்த்தம். படம் கிடையாது, ஒட்டுக் கேட்பது கிடையாது.

அந்த மெயிலைப் பார்த்துப் புரிந்துகொள்வது அன்று பிள்ளையின் வேலை. இன்று அதைச் செயற்கை நுண்ணறிவு செய்கிறது. கதவிலும் அறையிலும் உள்ள சிறு சென்சார்கள் தரும் தகவலிலிருந்து அந்த வீட்டின் வழக்கத்தைக் கற்றுக்கொள்கிறது. தினமும் ஆறு மணிக்குத் திறக்கும் சமையலறைக் கதவு ஒன்பதாகியும் திறக்கவில்லையா? உடனே எச்சரிக்கை அனுப்புகிறது.

ஆப்பிள் வாட்ச் 2018ல் வந்த சீரிஸ் 4 முதல், பலமாகக் கீழே விழுவதைக் கண்டுபிடிக்கிறது. விழுந்தவர் சுமார் ஒரு நிமிடம் அசையாவிட்டால் அவசர உதவிக்குத் தானே போன் செய்கிறது. ஆனால் எல்லா விழுதலையும் அதனால் கண்டுபிடிக்க முடியாது. சார்ஜ் செய்து கையில் கட்டியிருந்தால்தான் பயன்.

இந்தச் சேவைகள் நிரந்தரமும் அல்ல. முதியோருக்காக அமேசான் அமெரிக்காவில் 2021ல் தொடங்கிய அலெக்சா டுகெதர் சேவை 2024 ஜூனில் நிறுத்தப்பட்டது. அதையே நம்பியிருந்தவர்கள் வேறு ஏற்பாடு தேட வேண்டியதாயிற்று.

எனவே வாங்கும் முன் மூன்று கேள்விகள். அம்மாவிடம் சம்மதம் கேட்டீர்களா? வேண்டாதபோது அவரே அதை ஆப் செய்ய முடியுமா? எச்சரிக்கை வந்தால் பத்து நிமிடத்தில் கதவைத் தட்டப் போவது யார்? மூன்றாவது கேள்விக்கு எந்த சாப்ட்வேரிலும் பதில் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வையுங்கள். சென்சாரை அதற்குப் பிறகு வாங்கலாம்.