புல்லுக்கும் ஓய்வு வேண்டும்



திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் காலை வேளையில் பயணம் செய்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. பேருந்து திடீரென நிற்கும். ஓட்டுநர் ஒலிப்பானை எத்தனை முறை அழுத்தினாலும் பயன் இராது. சிவந்த நிறமுடைய செம்மறியாடுகள் நூற்றுக்கு மேல், தலையைத் தாழ்த்திக்கொண்டு, ஒன்றையொன்று உரசியவாறு சாலையைக் கடந்துகொண்டிருக்கும். கடைசி ஆட்டுக்கும் பின்னால், தோளில் துரட்டிக்கோலும் கையில் தூக்குச்சட்டியுமாக ஆயர் ஒருவர் நடந்து வருவார்.

அத்தகைய ஒரு காலையில் அப்படி வந்த பெரியவர் ஒருவரோடு சாலையோரத் தேநீர்க் கடையில் பேசும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

“எங்கே ஓட்டிப் போகிறீர்கள், பெரியவரே?” என்று கேட்டோம்.

“காட்டு ஓரந்தான் தம்பி. ஊருக்குள்ளே புல் எங்கே இருக்கிறது?”

“காட்டில் மேய்க்க விடுகிறார்களா?”

“உள்ளே போகக் கூடாது என்கிறார்கள். ஆட்டுக்கு எல்லைக்கல் தெரியுமா? போன ஆண்டு, புதுக்கன்று நட்ட இடத்தில் பேரன் ஆட்டை விட்டுவிட்டான். அபராதம் கட்டினோம். கன்றைத் தின்றது எங்கள் ஆடுதான். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பேத்தியின் கல்லூரிப் பணத்தைக் கட்டியதும் அந்த ஆடுதான்.”

பெரியவரின் பேச்சில் வழக்கின் இரு பக்கங்களும் அடங்கிவிட்டன. காடும் வேண்டும், ஆடும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றாக வாழ வழி உண்டா என்பதே இம்மாதம் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள்.

இப்பகுதியின் செம்மறி இனத்திற்குச் ‘சென்னைச் சிவப்பு’ என்று பெயர். உரோமத்திற்காக அன்றி இறைச்சிக்காக வளர்க்கப்படும் இனம். வெயிலைத் தாங்கும், காய்ந்த புல்லைக் கொண்டும் காலந்தள்ளும். நிலமில்லாத குடும்பத்திற்கு அதுவே சேமிப்புக் கணக்கு. மகள் திருமணமா, மருத்துவச் செலவா, பள்ளிக் கட்டணமா, இரண்டு ஆடுகளை விற்றால் அன்றைய தேவை தீரும். உழவருக்கும் ஆட்டால் நன்மை உண்டு. அறுவடை முடிந்த கழனியில் இரவில் கிடை போட்டால், வண்டி வாடகையின்றி எரு வந்து சேர்கிறது. ஆட்டெருவில் தழைச்சத்து ஏறத்தாழ 3 விழுக்காடு உண்டு. ‘ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்’ என்று நம் முன்னோர் அனுபவத்தால் கூறியதும் அதனாற்றான்.

நிற்க. ஆட்டின் நன்மையைச் சொன்ன நாம் அதன் பசியையும் கணக்கிட வேண்டும். 30 கிலோ எடையுள்ள ஓர் ஆடு, ஈரம் நீக்கிய கணக்கில், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தீவனம் தின்னும். ஐம்பது ஆடுகள் கொண்ட ஒரு பட்டிக்கு ஆண்டுக்கு 18 டன்னுக்கு மேல் வேண்டும். இதை எந்த நிலம் தருகிறது? செஞ்சிக் குன்றுகளிலும் பக்கமலையிலும் உள்ள காடுகள் பெருமழைக் காடுகள் அல்ல. பாறையும் முட்புதரும் இடையிடையே புல்லுமாக உள்ளவை. மழையும் ஐப்பசி, கார்த்திகையை நம்பியே பெரும்பாலும் பெய்கிறது. மாசி பிறந்தால் நிலம் காய்ந்துவிடும்.

புல்லின் உயிர் அதன் வேரில் இருக்கிறது. முதல் மழையில் துளிர்க்கும் புல், வேரில் சேமித்து வைத்த சத்தைச் செலவிட்டே இலை விடுகிறது. அவ்விலை வளர்ந்து, வெயிலில் உணவு தயாரித்து, கடனைத் திருப்பிச் செலுத்துவது போல் வேருக்குச் சத்தை அனுப்ப வேண்டும். அதற்குள் ஆடு வந்து கடித்துவிட்டால், மீண்டும் சேமிப்பிலிருந்தே செலவு. இரண்டு மூன்று முறை இவ்வாறு நேர்ந்தால் வேர் குறுகும். அடுத்த கோடையில் புல் மடியும். செம்மறி குனிந்து தரையை ஒட்டிக் கடிப்பது. வெள்ளாடு நிமிர்ந்து இளங்கிளையையும் கன்றின் நுனியையும் தின்பது. எனவே செம்மறியால் புல்லுக்கும், வெள்ளாட்டால் மரக்கன்றுக்கும் ஆபத்து மிகுதி.

கொழுக்கட்டைப்புல்லும் அறுகும் போன பின்னர், ஆடு தொடாத ஆவாரையும் எருக்கும் உண்ணிச்செடியும் மிஞ்சும். குளம்புகள் மிதித்து இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காது. வழிந்தோடும் நீர் மேல்மண்ணையும் அள்ளிச் சென்று ஏரியில் படிய வைக்கும். குன்றின் மேல் புல் போனால் கீழே கிணற்றில் நீர் குறையும். ஆடு வளர்க்காத குடும்பத்திற்கும் இதில் பங்கு இருக்கிறது அல்லவா?

ஆயினும் ஆட்டை அடியோடு விலக்கினால் காடு செழித்துவிடும் என்று எண்ணுவதும் முழு உண்மையன்று. மேயப்படாத புல் கோடையில் காய்ந்த சருகாய்க் குவிந்து காட்டுத்தீக்கு இரையாகும். அளவான மேய்ச்சல் அச்சருகைக் குறைக்கிறது; புழுக்கை மண்ணுக்கு உரமாகிறது. தீங்கு ஆட்டின் வாயில் இல்லை. எண்ணிக்கையிலும் காலத்திலும் இருக்கிறது.

விவிலியத்தில் ஆபிரகாமும் லோத்தும் பிரிந்த வரலாற்றை நாம் அறிவோம். இருவருடைய மந்தைகளையும் ஒரே நிலம் தாங்கவில்லை. மேய்ப்பர்களுக்குள் சச்சரவு மூண்டது. மூத்தவர் விட்டுக்கொடுத்தார், இளையவர் தாம் விரும்பிய திசையில் சென்றார். நிலத்தின் தாங்கும் ஆற்றலுக்கு எல்லை உண்டு என்ற பாடம் அவ்வளவு பழமையானது. ஆனால் அன்று பிரிந்து போக வேறு நிலம் இருந்தது. இன்று நம் ஆயர்களுக்குப் போகும் திசை எது?

இந்நாட்டில் அரசுக் காடுகளில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தும் முயற்சி நெடுங்காலமாக நடந்து வருகிறது. 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம் காப்புக்காட்டில் அனுமதியின்றி மேய்ப்பதைக் குற்றமாக்கியது. மாடு பற்றிய அச்சட்டத்தின் விளக்கத்தில் செம்மறியும் வெள்ளாடும் அடங்கும். மக்களின் மனக்குறை பெருகவே, 1912இல் சென்னை மாகாண அரசு ஒரு வனக் குழுவை அமைத்து விசாரித்தது; ஊரார் கையில் சில காடுகளை ஒப்படைக்கும் வனப் பஞ்சாயத்துகள் அதன்பின் தோன்றின. அன்று நம் மாகாணத்தைச் சேர்ந்திருந்த பல்நாட்டில், மேய்ச்சல் வரியை எதிர்த்து 1921இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை முன்னின்று நடத்திய கன்னெகண்டி ஹனுமந்து 1922இல் சுட்டுக் கொல்லப்பட்டார். புல் சிறிய பொருள். அதனை நம்பிய வாழ்வு சிறியதன்று.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய சிக்கலும் அன்று. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பொது நிலங்கள் கட்டின்றி மேயப்பட்டுப் பாழானபின், 1934இல் தனிச் சட்டம் இயற்றி, இன்னாருக்கு இத்தனை கால்நடை, இத்தனை காலம் என்று அனுமதிச் சீட்டு வழங்கத் தொடங்கினர். நம் 1988ஆம் ஆண்டுத் தேசிய வனக் கொள்கையும், ஊர் மக்களின் பங்கேற்போடு மேய்ச்சலை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றும், இளங்கன்றுகள் உள்ள இடங்களை முழுமையாகக் காக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பழங்குடியினர் அல்லாதார் அதனைக் கோர வேண்டுமானால், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், காட்டை நம்பி அங்கு வாழ்ந்தமைக்குச் சான்று வேண்டும். கோரிக்கை கிராம சபையில் தொடங்க வேண்டும்.

2022 மார்ச் மாதத்தில், தேனி மாவட்டத்து மேகமலை பற்றிய வழக்கில், தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதே மாதத்திலேயே அவ்வாணை திருத்தப்பட்டு, தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றோடு நின்றது. திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணத்தை ஒட்டியுள்ள கழுவேலி, 5,151 எக்டேர் பரப்பில் 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. கோடையில் நீர் வற்றிய கழுவேலியில் ஆடுமாடு மேய்த்துப் பழகிய ஊரார் இதனை அறிந்திருக்க வேண்டும். சரணாலயத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் உள்ள கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட வேண்டும் என்பதும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி.

இத்தனை சட்டங்கள் இருந்தும் ஆடுகள் ஏன் காட்டை நோக்கியே நடக்கின்றன? பெரியவர் முதலிலேயே விடை கூறிவிட்டார். ஊரில் புல் இல்லை. ஒவ்வோர் ஊருக்கும் மேய்க்கால் புறம்போக்கு என்றும் மந்தைவெளி என்றும் நம் முன்னோர் ஒதுக்கி வைத்த நிலம் இருந்தது. அதிற் சில பட்டாவாக மாறின. சிலவற்றில் கட்டடங்கள் எழுந்தன. சிலவற்றை வலியவர் வளைத்துக்கொண்டனர். 1981 முதல் சுவீடன் நாட்டு உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரியின் உட்புறங்களில் கருவேல் நடப்பட்டது. விறகு கிடைத்தது, ஆனால் கன்று வளரும்வரை ஆடுமாடுகளுக்கு அங்கு இடமில்லை. எஞ்சிய இடத்தை வேலிக்காத்தான் மூடிக்கொண்டது. அதன் நெற்றை ஆடுகள் விரும்பித் தின்னும். கெட்டியான விதையோ செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து முளைக்கும். இவ்வாறு ஆடே தன் மேய்ச்சல் நிலத்தில் முள்ளை விதைக்கிறது.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா ஆடுகள் திட்டத்தைத் தொடங்கி, ஏழைக் குடும்பத்திற்கு நான்கு ஆடுகள் வீதம் ஐந்தாண்டுகளில் 7 லட்சம் குடும்பங்களுக்கு வழங்க முனைந்தது. நல்ல நோக்கமே. ஆனால் ஆடு வந்தது. அதற்குரிய புல் உடன் வரவில்லை. அதே 2011 ஜனவரியில், ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றி ஊராரிடம் மீட்டுத் தருமாறு எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டிருந்தது. இவ்விரண்டும் கைகோத்திருந்தால் எத்துணை நன்மை விளைந்திருக்கும்!

நாம் செய்யக்கூடியது என்ன? முதலாவது, நம் ஊரில் மேய்க்கால் எவ்வளவு இருந்தது, எங்கு இருந்தது என்று அறிவது. கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேட்டில் அதன் சர்வே எண் இருக்கும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் அதனைக் கேட்கும் உரிமை ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு. பங்கு இளைஞர்கள் இப்பணியில் ஊராரோடு சமய வேறுபாடின்றித் தோள் கொடுக்கலாம்.

இரண்டாவது, மீட்ட நிலத்தைப் பேணுவது. வேலிக்காத்தானை வேரோடு அகற்றி, மழை தொடங்கும்போது கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும் விதைக்கலாம். நிலத்தை நான்கு பகுதிகளாக்கி, ஒன்றுக்கு ஆண்டு முழுவதும் ஓய்வு தந்து, மற்றவற்றில் முறை வைத்து மேய்க்கலாம். வரப்பில் அகத்தியும், வேலியில் கிளுவையும், கொல்லையில் வேலிமசாலும் இருந்தால் கோடையில் கை கொடுக்கும். இப்பகுதியில் மிகுதியாகக் கிடைக்கும் மணிலாக்கொடியை வீணாக்காமல் போரிட்டு வைப்பதும் நன்று.

மூன்றாவது, ஆயர் குடும்பங்கள் தாமே ஏற்க வேண்டிய கட்டுப்பாடு. காட்டில் மேய்க்குமுன் வனச்சரக அலுவலகத்தில் அனுமதி கேட்டறிய வேண்டும். புதுக்கன்று நட்ட பகுதியில் கால் வைக்கலாகாது. கோடை வந்து ஆடு மெலிந்தபின் மலிவாக விற்பதைக் காட்டிலும், தை மாதத்திலேயே வேண்டாத கிடாக்களையும் முதிர்ந்த ஆடுகளையும் விற்றுவிடுவது மேல். துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி போட்ட முப்பது ஆடுகள், போடாத ஐம்பதைக் காட்டிலும் குடும்பத்தை நன்றாகக் காக்கும்.

ஆடு வளர்க்காத நாமும் ஒதுங்கி நிற்பதற்கில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கும் பாஸ்கா விழாவிற்கும் நம் இல்லங்களில் மணக்கும் குழம்பு எங்கோ ஒரு குன்றின் புல்லிலிருந்து வந்ததே. ஐக்கிய நாடுகள் அவை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக 2022இலேயே அறிவித்ததும், இத்தொடர்பை உலகம் மறவாதிருக்கவே.

விடைபெறும்போது பெரியவர் ஒன்று சொன்னார்: “என் சிறுவயதில் ஐப்பசி மழை பெய்தால் கார்த்திகை முடியும்வரை மந்தைவெளிப் புல்லை யாரும் தொடமாட்டோம் தம்பி. ஊர்க்கட்டு. ஆடுகள் அதுவரை மேட்டுக்கொல்லை வரப்பில் நிற்கும். மார்கழியில் விட்டால் முழங்கால் உயரம் புல் இருக்கும்.”

ஏழாம் ஆண்டில் நிலத்திற்கு ஓய்வு தர வேண்டும் என்று பண்டைய இஸ்ரயேல் மக்களுக்கு விதிக்கப்பட்டிருந்தது. எழுதப் படிக்க அறியாத நம் ஊர்ப் பெரியோர் ஆண்டுதோறும் ஒன்றரை மாதம் அந்த ஓய்வைத் தந்து வந்தனர். வனக் காவலரின் காவல் இன்றியே அன்று புல் பிழைத்தது. புல்லோடு ஆடும் பிழைத்தது. அந்த ஊர்க்கட்டை மீண்டும் கட்ட இயலாதா? அடுத்த கிராம சபை கூடும் நாளில் நம் ஊர் மேய்க்காலைப் பற்றி ஒரு கேள்வியேனும் எழட்டும். அதனைக் கேட்பவர் நம் வாசகர்களுள் ஒருவராக இருந்தால் நாம் மிகவும் மகிழ்வோம்.