பதிவேட்டின் முதற்பெயர்



"பெண்கள் ஆயராகட்டும், ஐயா, ஆனால் நம் சபைக்கு வேண்டாம்." மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் விசுவாசிகள் சிலர் தாழ்ந்த குரலில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு இந்த வாரம் வெளிப்படையாகவே பதில் சொல்லுகிறேன்.

கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் 1947 செப்டம்பர் 27 அன்று உதயமானது நம் தென்னிந்தியத் திருச்சபை. 1976இல் அது பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் அளிக்கத் தொடங்கியது. இங்கிலாந்துத் திருச்சபையில் அது நடந்தது 1994இல்தான். 2013இல் நந்தியால் பேராயத்தின் புஷ்பலலிதா அம்மையார் நம் முதல் பெண் பேராயரானார். ஆகவே சட்டம் தடுக்கவில்லை. நம் மனமே தடுக்கிறது.

"பவுல் தடை செய்தாரே" என்பீர்கள். 1 தீமோத்தேயு 2ஆம் அதிகாரத்தை நானும் அறிவேன். அதே பவுல், கொரிந்து சபையில் பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் உரைப்பதையும் தடுக்கவில்லை, முக்காட்டைக் குறித்தே அறிவுரை கூறுகிறார் (1 கொரி. 11:5). பெபேயாளைக் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியென்று போற்றுகிறார் (ரோமர் 16:1). வேதத்தில் வல்லவனான அப்பொல்லோவுக்கே போதித்தவர்களுள் பிரிஸ்கில்லாளும் ஒருவர் (அப். 18:26). ஒரு வசனத்தைச் சட்டமாக்கி மற்றவற்றை மறைப்பது வேதபக்தியன்று.

"நம் தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாது" என்பாரும் உண்டு. நம்மில் பலருடைய முன்னோர் நெல்லைச் சீமையார். 1780இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர், முதற்பெயர் குளோரிந்தாள். 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற அந்த விதவையே, 1785இல் அங்கே எழுந்த ஆலயத்தையும் கட்டுவித்தார். அவர் வளர்த்த சபையின் பேரப்பிள்ளைகளா பெண்ணின் தலைமை நமக்கு அந்நியம் என்பது?

அசன விருந்துக்குச் சமைக்கவும், பெண்கள் ஐக்கியத்தில் காணிக்கை திரட்டவும், ஓய்வுநாள் பள்ளியில் நம் பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்கவும் தகுந்த கரங்கள், திருவிருந்தின் அப்பத்தைப் பிட்கத் தகாதவையா?

உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம் முதற்செய்தியை மகதலேனா மரியாளிடம் ஒப்புவித்தார். சீஷர்கள் நம்பவில்லை. தம்மைக் கண்டவர்களை நம்பாத அந்த இருதய கடினத்தை அவர் கடிந்துகொண்டார் (மாற்கு 16:9-14). அந்தக் கடிதல் நமக்கும் உரியதாகாதிருக்கட்டும். அடுத்த இடமாற்ற ஆணையில் ஒரு சகோதரியின் பெயர் வருமாயின், அவரை ஆயராகவே வரவேற்போம்; விருந்தாளியாக அல்ல.

கர்த்தர் நம் இருதயங்களைத் திறப்பாராக. ஆமென்.