வட்டி இறங்கினால் நம் தலையிலா?

நேற்று சாயங்காலம் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தோம். என்னோடு மில்லில் வேலை பார்த்தவர். ஸ்பின்னிங்கில் முப்பது வருஷம். "ஏண்ணே, வட்டியக் குறைச்சா பேங்குல டெபாசிட் போட்டவனுக்குத்தானே நஷ்டம்? நம்ம பி.எஃப். பென்ஷனுக்கு என்ன வந்துச்சு?" என்றார். நான் கணக்குப் பிரிவில் இருந்தவன். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒருவருக்கு மாதம் ஆயிரம், அதாவது வருஷம் 12,000 ரூபாய், அசலைத் தொடாமல் வட்டியிலிருந்தே கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். வட்டி 12 சதவீதம் என்றால் ஒரு லட்சம் முதல் போதும். 8 சதவீதம் என்றால் ஒன்றரை லட்சம் வேண்டும். 6 என்றால் இரண்டு லட்சம். கொடுப்பதாகச் சொன்ன ஆயிரம் மாறவில்லை. அதற்கு வேண்டிய முதல்தான் இரண்டு மடங்காகிறது.

1995 நவம்பர் 16 முதல் நம் பென்ஷன் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது பி.எஃப். வட்டி 12 சதவீதம். 2021-22இல் அது 8.1. ஆனால் பென்ஷன் நிதிக்கு வரும் பங்கு? முதலாளியிடமிருந்து சம்பளத்தில் 8.33 சதவீதம், மத்திய அரசிடமிருந்து 1.16 சதவீதம். அன்று வைத்த அதே விகிதம். வட்டி விழுந்த பள்ளத்தை நிரப்ப இருவரும் கூடுதலாக எதுவும் போடவில்லை.

அப்படியானால் யார் நிரப்பியது? நாம்தான். பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை மொத்தத் தொகையாக வாங்கும் வசதி இருந்தது. 2008 செப்டம்பரில் எடுத்தார்கள். வாரிசுக்கு முதலைத் திருப்பித் தரும் வசதியும் அதோடு போனது. 2014 செப்டம்பரில், கடைசி 12 மாதச் சம்பளச் சராசரி என்பதை 60 மாதச் சராசரி ஆக்கினார்கள். அதே மாதம் வைத்த குறைந்தபட்ச பென்ஷன் ஆயிரம் ரூபாய். பத்து வருஷம் தாண்டியும் அதே ஆயிரம். விலைவாசி ஏறினால் கூடும் பஞ்சப்படியும் கிடையாது. கேட்டால், "நிதியில் பற்றாக்குறை."

பற்றாக்குறை பொய் என்று நான் சொல்லவில்லை. அதை யார் அடைப்பது என்பதுதான் கேள்வி. பிரிட்டனில் கம்பெனி பென்ஷன் நிதியில் பள்ளம் விழுந்தால், எத்தனை வருஷத்தில் எவ்வளவு கூடுதலாகப் போட்டு அடைப்பது என்று திட்டம் போட்டு, கம்பெனிதான் கட்ட வேண்டும். 2022இல் அங்கே வட்டி ஏறியதும் பல நிதிகளில் பள்ளம் மறைந்து உபரியே வந்தது. வட்டி இறங்கும், ஏறும். இறங்கும் காலத்தைத் தாங்க வேண்டியவர் வாக்குக் கொடுத்தவரே.

இங்கேயோ நமக்கு இரண்டு அடி. கையிருப்பை டெபாசிட்டில் போட்டால் அங்கும் வட்டி குறைவு. பென்ஷனைக் கூட்டச் சொன்னால் அதே வட்டியைக் காரணம் காட்டுகிறார்கள்.

சங்கக் கூட்டங்களில் "ஆயிரத்தை உயர்த்து" என்று மட்டும் கேட்காதீர்கள். "8.33ஐயும் 1.16ஐயும் உயர்த்து" என்று சேர்த்துக் கேளுங்கள். அப்போது பற்றாக்குறை என்ற பதிலைச் சொல்லித் தப்பிக்க முடியாது.