லட்சத்தீவுக்கு ஏன் ஒரு எம்.எல்.ஏ. கூட இல்லை?

2024 ஜனவரி ஞாபகம் இருக்கா? பிரதமர் லட்சத்தீவுல ஸ்நார்கெலிங் பண்ணின போட்டோக்களைப் போட்டார். மாலத்தீவுத் துணை அமைச்சர்கள் சிலர் கிண்டல் பண்ண, நம்ம டைம்லைன் முழுக்க 'பாய்காட் மால்டீவ்ஸ்'. எந்த பீச் அழகுன்னு ஆளாளுக்குச் சண்டை போட்டோம். அந்தத் தீவுகளில் வாழ்றவங்களுக்கு என்ன உரிமை இருக்குன்னு யாரும் கேட்கல.

மேப்பைப் பாருங்க. ரெண்டுமே கடலுக்கடியில் ஓடும் ஒரே மலைத்தொடரின் மேல் வளர்ந்த பவளத்தீவுகள். லட்சத்தீவின் தென்கோடியில் இருக்கும் மினிக்காயில் பேசுற மஹல், மாலத்தீவின் திவெஹி மொழியோட வட்டார வழக்கு. எழுத்தும் அதே தானா எழுத்துதான். நடுவில் சுமார் 130 கி.மீ. கடல், அவ்வளவுதான்.

ஆனா மாலத்தீவு 1965-ல் தனி நாடானது. மினிக்காய் கண்ணூர் அரச குடும்பத்திடமிருந்து பிரிட்டிஷார் கைக்குப் போய், நம்ம சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரிச்சப்போ லட்சத்தீவு யூனியன் பிரதேசமானது.

மினிக்காய் மாலத்தீவோடு போகணும்னு நான் சொல்ல வரல. 1976 ஒப்பந்தத்திலேயே கடல் எல்லை முடிவாயிடுச்சு. தனி நாடானா எல்லாம் சரியாகிடும்னும் இல்லை. மாலத்தீவில் ஒரே அதிபர் 30 வருஷம் ஆண்டார், பல கட்சிகள் மோதிய முதல் அதிபர் தேர்தலே 2008-ல்தான். என் கேள்வி இந்தியாவுக்குள்ளேயே இருக்கு.

எங்க காமயகவுண்டன்பட்டி ஒரு பேரூராட்சி. வார்டு கவுன்சிலர், கம்பம் எம்.எல்.ஏ., தேனி எம்.பி.ன்னு மூணு பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். முல்லைப் பெரியாறு தண்ணி திறக்க லேட்டானா யாரைப் பிடிக்கணும்னு ஊருக்கே தெரியும். சட்டசபையில் எழுந்து கேட்க ஒரு ஆள் இருக்கு.

லட்சத்தீவுக்கு ஒரு எம்.பி. உண்டு, சட்டசபை கிடையாது. அரசியல் சட்டத்தின் 240-ஆம் பிரிவுப்படி குடியரசுத் தலைவர் பேரில் விதிமுறைகள் வரும். டெல்லி அனுப்புற நிர்வாகி ஆட்சி நடத்துவார். 2021-ல் என்ன நடந்துச்சு? நிலத்தைக் கையகப்படுத்த அரசுக்குப் பெரிய அதிகாரம் தரும் வரைவு வந்தது. ரெண்டு குழந்தைக்கு மேல் பெத்தவங்க பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க முடியாதுன்னு இன்னொரு வரைவு. மாவட்டப் பஞ்சாயத்து கவனிச்சுட்டிருந்த கல்வி, மருத்துவம், விவசாயம், மீன்வளம், கால்நடைத் துறைகளை அந்த மே மாசம் நிர்வாகி திரும்ப எடுத்துக்கிட்டார். மக்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தாங்க, கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. கேள்வி கேட்க அவங்களுக்குன்னு ஒரு சபை மட்டும் இல்லை.

"2011 கணக்குப்படி சுமார் 64,000 பேர், இதுக்கு எதுக்குச் சட்டசபை?"ன்னு நீங்க கேட்கலாம். பசிபிக்கில் சமோவா தீவுக்கூட்டத்தைப் பாருங்க. 1899-ல் ஜெர்மனியும் அமெரிக்காவும் பிரிச்சுக்கிட்டாங்க. மேற்குப் பாதி 1962-ல் நாடானது. கிழக்குப் பாதி இன்னும் அமெரிக்கப் பிரதேசம். அங்கே பிறந்தா அமெரிக்கக் குடியுரிமைகூடத் தானா வராது. அந்த விஷயத்தில் லட்சத்தீவு மக்கள் மேல், முழுக் குடிமக்கள். ஆனா 50,000 பேர்கூட இல்லாத அந்தப் பிரதேசத்துக்குச் சொந்தச் சட்டசபை இருக்கு, கவர்னரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறாங்க. இங்கே பக்கத்தில் புதுச்சேரியும் யூனியன் பிரதேசம்தான். அதுக்கு 1963-லேயே சட்டசபை வந்தாச்சு.

முழுச் சட்டசபை செலவுன்னா, தீவுக்கு ஒருத்தர்னு ஒரு சின்ன சபை போதும். நிலம், மீன்பிடிப்பு, பஞ்சாயத்து பத்தின எந்த விதிமுறையும் அந்தச் சபை ஓகே சொன்ன பிறகுதான் வரணும். ஓட்டுப் போடுறவங்க எண்ணிக்கை கம்மிங்கிறதுக்காக ஓட்டோட மதிப்பையும் கம்மி பண்ணலாமா? நீங்களே சொல்லுங்க.